லோகேஸ்வரி மேடையில் சொன்னது

1.

இந்தக் கதை எனக்கு வந்த ஓர் ஆர்டர். பெட்டாலிங் ஜெயாவில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் ஜூஸ் விற்கும் நிறுவனம் ஒன்று கேட்டது: இதய நோயாளி ஒருவர் ஜூஸ் குடிக்க வேண்டும், குணமாக வேண்டும், மாத்திரைகளைக் குப்பையில் போட வேண்டும். கதாநாயகியையும் அவர்களே முகவரியோடு கொடுத்தார்கள். லோகேஸ்வரி, ஊர் மேரு.

(முதல் வரி: "அன்று காலை லோகேஸ்வரியின் நெஞ்சில் ஒரு புதிய சூரியன்..." வேண்டாம். அவள் நெஞ்சில் இருப்பது ஸ்டென்ட், அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை.)

2.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். முதல் மாரடைப்புக்குப் பிறகு ஜூஸைக் கொண்டுவந்தவள் அவளுடைய நாத்தனார் தனலெட்சுமி.

தனலெட்சுமி ஒரு நயவஞ்சகி, அவள்

இல்லை. அப்படி எழுத அவளே இடம் தரவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணிக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான். தான் விற்பதை அவளும் நம்பினாள்.

"மாத்திரை கல்லீரலக் கெடுத்துரும் அண்ணி, இது வெறும் பழம்தானேன்னா. நானும் மாத்திரைய விட்டுட்டேன்," என்றாள் லோகேஸ்வரி, நான் பார்க்கப் போனபோது. "பாசார்ல மீன் வாங்கறப்ப அப்படியே விழுந்துட்டேன். ரெண்டாவது அட்டாக்."

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பழம் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் விட்டமின்களை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. நிறுவனம் இந்த வரியை வெட்டும். ஆகவே இன்னொரு முறை: மாரடைப்பு குறையவில்லை.)

3.

நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் இருக்கும் பிரவினுக்குப் போன் செய்தேன். "அவங்க மறுபடி விழுந்தது தெரியுமா?"

"தெரியும்க்கா. எழுந்துட்டாங்கல்ல? அத மட்டும் எழுதுங்க லா. ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துல நம்ம கம்பெனிக் கூட்டம், அவங்கதான் பேசறாங்க."

போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. தனலெட்சுமி முன்வரிசையில் போனை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜூஸ் ருசியாத்தான் இருந்துச்சு," என்றாள் லோகேஸ்வரி. கைதட்டல். "அத நம்பி மருந்த நிறுத்தினேன். திரும்ப அட்டாக் வந்துச்சு. இப்ப மருந்து சாப்பிடறேன், அதான் இங்க நிக்கறேன். நீங்க யாரும் நிறுத்தாதீங்க."

மைக்கை அணைத்தார்கள். அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அதையே கத்திச் சொன்னாள். தனலெட்சுமியின் கை மெல்லத் தாழ்ந்தது.

4.

நிறுவனம் கேட்ட கதைமுடிவில் லோகேஸ்வரி கண்ணீரோடு நன்றி சொல்கிறாள். எழுத மாட்டேன். நான் ஆசைப்பட்ட முடிவில் தனலெட்சுமி போத்தல்களைச் சாக்கடையில் கொட்டுகிறாள். அது நடக்கவில்லை.

நடந்தது இது: வெளியே தனலெட்சுமி காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். லோகேஸ்வரி கண்ணாடியைத் தட்டினாள்.

"கதவத் தொற, தனம்."

"அத்தன பேர் முன்னால என்னய அசிங்கப்படுத்திட்டீங்க, அண்ணி!"

"ஆமா. நாளைக்கு ஒன் பேச்சக் கேட்டு ஒருத்தி செத்துப்போனா, நீ தாங்குவியா?"

அதற்கு மேல் நின்று கேட்பது முறையல்ல என்று நகர்ந்துவிட்டேன். கதவு திறந்ததா என்பதை நீங்கள் எழுதுங்கள், உங்கள் விருப்பம்போல. லோகேஸ்வரியின் மருந்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.