வெள்ளிக்கிழமைத் தப்பு

கணக்கு சார் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போன் செய்வார். மருந்துக்கடையில் கூட்டம் முட்டி மோதும் நேரம். மாத்திரை அட்டையைக் கையிலும் போனைத் தோளிலும் இடுக்கிக்கொண்டு கேட்பேன்.

"உங்க பொண்ணு இன்னைக்கு அருமையான தப்பு ஒண்ணு பண்ணினா," என்பார், பிறந்தது என்ன குழந்தை என்று சொல்ல வந்த நர்ஸ் மாதிரி.

எல்லாப் பெற்றோருக்கும் இப்படித்தான் செய்தி போகிறதாம். சரியான விடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, தப்பில்தான் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று தெரியும் என்பது அவர் கொள்கை. கொள்கை வைத்திருக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"எங்க தொழில்ல அருமையான தப்புன்னா ஆம்புலன்ஸ் வரும் சார்."

"நல்லா சொன்னீங்க!" என்று சிரித்தார். எனக்கு மண்டை காய்ந்தது.

போன் வந்த அன்று வீட்டில் மகளுக்குப் பூசைதான். அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வைப்பேன். "என்ன யோசிச்சு இப்படிப் போட்ட?" என்று கத்தினால், "தெரியலம்மா" என்பாள். அதற்குமேல் வாயிலிருந்து முத்து உதிராது. வகுப்பில் அவள் கை தூக்கி நிறையப் பேசுகிறாள் என்று சார் சொன்னபோது, வேறு பிள்ளையோடு குழப்பிக்கொள்கிறார் என்று முடிவுகட்டினேன்.

அவளை அடுத்த பிரிவுக்கு மாற்றிவிடத் தீர்மானித்தேன். அங்கே இருக்கிற டீச்சர் தப்புக்குச் சிவப்புக் கோடு போடுவதோடு சரி, யாருக்கும் போன் செய்வதில்லை. தலைமையாசிரியையும் தலையாட்டிவிட்டார். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மகளிடம் சொன்னேன். "எனக்கு இந்த சார் கிளாஸ்தான் வேணும்மா," என்றாள். அவள் என்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அசைந்து கொடுக்கவில்லை.

கூட்டத்தில் அந்த மனுஷன் பெற்றோரைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தினார். ஒரு கட்டையை மூன்று துண்டாக அறுக்க ஆறு நிமிடம் ஆனால், அதே கட்டையை நான்கு துண்டாக அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? யாராவது வந்து கரும்பலகையில் போடுங்கள் என்றார்.

தகப்பன்மார் எல்லோரும் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். நான் எழுந்தேன். எடைக்குத் தக்க மருந்தளவை நாள் முழுக்கச் சரிபார்க்கிறவள் நான். மூன்றுக்கு ஆறு என்றால் நான்குக்கு எட்டு. பெரிதாக எட்டு என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தேன்.

சாரின் முகம் மலர்ந்தது. சரியான விடைக்கு மலர்கிற முகம் இல்லை அது.

"அருமை! அம்மா எப்படி யோசிச்சாங்கன்னு யாராவது..."

அவர் முடிப்பதற்குள் என் மகள் சுவரோரத்திலிருந்து ஓடி வந்தாள். டஸ்டரைத் தேடவில்லை. சட்டைக் கையாலேயே எட்டை அழித்தாள், கோட்டையும் அழித்தாள். பிறகு என் காதருகே எக்கி, "யாரும் சரியா பாக்கலம்மா, பயப்படாத," என்றாள்.

என்னைப் பயப்படாதே என்றவள், சுண்ணாம்பு படிந்த சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டுப்படி ஏறும் சத்தம் கேட்டு இவள் எப்படி நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சு வலித்தது. பெற்றவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவமானமாகவும் இருந்தது.

சாக்பீஸை எடுத்து, அழிந்த இடத்தில் மறுபடியும் எட்டு என்று எழுதினேன்.

"இதுல எங்க தப்புன்னு எனக்குத் தெரியலடி. நீ சொல்லு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் கோபமாக இல்லை என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சாக்பீஸை வாங்கி ஒரு கட்டை வரைந்தாள்.

"மூணு துண்டாக்க ரெண்டு தடவை அறுத்தா போதும்மா. அப்போ ஒரு அறுப்புக்கு மூணு நிமிஷம். நாலு துண்டுன்னா மூணு அறுப்பு, ஒன்பது நிமிஷம். நீ துண்டை எண்ணிட்ட. நானும் மொதல்ல அப்படித்தான் எண்ணுவேன், அப்புறம்..."

பேசிக்கொண்டே போனாள். வாசலில் தலைமையாசிரியை தாளோடும் பேனாவோடும் வந்து நின்று, "கையெழுத்து போடறீங்களா?" என்றார்.

"கொஞ்சம் சும்மா இருங்க மேடம்," என்றேன். "எம் பொண்ணு பேசிட்டிருக்கா."