மூடியில் எழுதிய எண்

சின்னவள் செய்த காரியத்தை மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் மட்டும்தான் செய்ய முடியும். நான்கு ஊர்களிலிருந்து வந்த மண் டப்பாக்களின் எண்களை மூடிகளில் எழுதினாள். மண் காய வேண்டுமே என்று மூடிகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, டப்பாக்களை உலர்த்தும் பெட்டிக்குள் வைத்தாள். வெளியே எடுத்தபோதுதான் பொறி தட்டியது. போச்சு! எது எந்த ஊர் மண்?

மறுநாளோடு அவளுடைய தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரமா, நடையைக் கட்டவா என்று முடிவு செய்யப்போகிற தலைமை ஆய்வாளர் வேறு யாருமில்லை, அவள் நாத்தனார்தான். சொந்தம் என்று ஏதாவது சலுகை உண்டா? மூச்! வீட்டில் அண்ணி, இங்கே மேடம்.

அழுதால் ஆகுமா? ஒவ்வொன்றிலும் அமிலத்தைச் சொட்டினாள். ஒரு மண் சுர்ரென்று பொங்கியது. அது மழை எட்டியே பார்க்காத சமவெளி; சுண்ணாம்பை அடித்துக்கொண்டு போக அங்கே தண்ணீர் ஏது? இன்னொன்று கன்னங்கரேலென்று, கையில் கனமே இல்லாமல் இருந்தது. குளிரும் ஈரமுமான மேட்டு நிலம். விழுந்த இலைதழை அங்கே மக்கி முடிக்க யுகமாகும். ஆக, இரண்டு தேறிவிட்டன.

மிச்சம் இரண்டும் சிவப்பு. வெயிலும் மழையும் போட்டி போட்டு அடிக்கிற இரண்டு மலைச்சரிவுகள். சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய், இரும்புத் துரு மட்டும் தங்கிவிட்ட மண். தேய்த்தாள், முகர்ந்தாள், திட்டியும் பார்த்தாள். இரண்டும் வாயைத் திறக்கவில்லை. குத்துமதிப்பாக எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் குறுகுறுத்தது. அதை அடக்கிக்கொண்டு நேரே மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், மூடியில நம்பர் எழுதித் தொலைச்சுட்டேன். ரெண்ட கண்டுபிடிச்சுட்டேன். செவப்பு ரெண்டும் தெரியல. அங்கயும் இங்கயும் ஒரே மழை, ஒரே வெயில், அண்ணி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நானும் சேந்த புதுசுல இதே கூத்துதான் அடிச்சேன். ஆனா வாயத் தொறக்கல, உத்தேசமா எழுதி அனுப்பிட்டேன். ஒரு மனுஷன் அத நம்பி, ஏற்கெனவே சுண்ணாம்பு இருந்த நெலத்துல மேல மேல சுண்ணாம்பக் கொட்டி, ஒரு வருஷ வெளச்சலத் தொலைச்சாரு. இன்னிக்கும் நெனச்சா எனக்குச் சோறு எறங்காது."

நாத்தனார் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு ரெண்டு சரிவுக்கும் போய்த் திரும்ப மண் எடுத்துட்டு வா. நிரந்தர ஊழியருக்குத்தான் ஆபீஸ் வண்டி குடுப்பாங்க. மொதல்ல இதுல கையெழுத்துப் போடு."