என் மாமனாருக்கு ஒரு முகம்

என் வீட்டுக்காரர் முத்துவேலுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து வீட்டுக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. "இனிமே பயமில்லம்மா, நடக்கச் சொல்லுங்க, சிரிக்கச் சொல்லுங்க" என்றுதான் டாக்டர் அனுப்பினார். நடக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். இவர் சிரித்தால் வைத்திக்குப்பம் கரையில் வலை காயப்போடுகிறவன் திரும்பிப் பார்ப்பான், அப்படிப்பட்ட மனுஷன். இப்போது 'ம்' என்று சொல்லியே குடும்பம் நடத்துகிறார்.

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குடி புதுசு? கட்டறதுக்கு இருக்கறனோ என்னமோ" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "கடல்ல படகோட கவுந்து எழுந்து வந்த ஆளு, இப்படிப் பேச வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். அதற்கும் ஒரு 'ம்'. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்று வளர்ந்த வாய் என்னுடையது. அந்த வாயையே அடைத்துவிட்டார். எப்படியாவது இந்தத் தீபாவளிக்கு இவரை நாற்காலியிலிருந்து எழுப்பிப் புதுத்துணி கட்ட வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு பண்டிகையே வேண்டாம், அது போதும்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் செத்துப்போன பெரியவர்களுக்குப் படைப்போம். போட்டோவுக்கு மாலை போட்டு, புதுத்துணி வைத்து, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைப்போம். காக்காய்க்கு ஒரு பிடி போட்டு, அது தின்ற பிறகுதான் நாங்கள் சாப்பிட உட்காருவோம். மாமியார் வீராயிக்குப் போட்டோ இருக்கிறது. மாமனார் குப்பனுக்கு இல்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டவர், ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனுஷன். வருஷா வருஷம் வெறும் சுவரைப் பார்த்துத்தான் அவருக்குக் கற்பூரம் காட்டுவோம்.

இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வீட்டுக்காரரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்பனை உரித்து வைத்த மாதிரி இருக்கிறார் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் இவர் போட்டோவையே ஸ்டுடியோவில் கொடுத்து, மீசையை வெளுப்பாக்கி, நாலு சுருக்கம் வைத்தால் மாமனார் வந்துவிடப் போகிறார்! கம்ப்யூட்டரில் என்னென்னமோ செய்கிறார்கள், இதைச் செய்ய மாட்டார்களா? இவருக்குத் தெரியாமல் போட்டோவை மகள் தேவிப்பிரியாவிடம் கொடுத்தனுப்பினேன். அப்பா முகத்தைப் பார்த்தாலாவது இந்த மனுஷனுக்கு உயிர் வராதா என்கிற ஆசைதான்.

படைக்கிற அன்று மதியம்தான் ஸ்டுடியோவில் தந்தார்கள். நேரு வீதிக் கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வந்தாள் தேவி. நான் அடுப்படியில் வேகவைத்த சுறாவை உதிர்த்துக்கொண்டிருந்தேன். "பிரிச்சு மாட்டி மாலயப் போடுடி, நேரமாவுது" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். அவளும் மாட்டி, குங்குமம் வைத்து, சின்ன லைட்டையும் எரியவிட்டாள். சுறாப்புட்டு, வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, வடை, அதிரசம், மாமனாருக்கென்று ஒரு குவார்ட்டர் பிராந்தி. எல்லாவற்றையும் குனிந்தபடியே இலையில் வைத்துவிட்டு, கும்பிட வரச் சொல்லி இவரைக் கூப்பிட்டேன். வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"அடியே அன்புசெல்வி!"

வீடே அதிர்ந்தது. இரண்டு மாதமாகக் கேட்காத குரல்! பதறிப்போய் நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டுடியோக்காரன் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டிருக்கிறான், அவ்வளவுதான். வயதாக்கவே இல்லை. பாதி நரைத்த மீசை, மோவாயில் தூண்டில் முள் கிழித்த தழும்பு, அச்சு அசலாக என் வீட்டுக்காரர். மாலை போட்டுக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் தொங்குகிறார்.

"உசுரோட இருக்கறவனுக்கே படைக்கிறியா? இன்னும் கொஞ்ச நாளு பொறுக்க முடியலயா உனக்கு?"

"ஐயய்யோ, அது நீங்க இல்லீங்க, உங்கப்பா!"

"எங்கப்பாவுக்கு ஏதுடி இந்தத் தழும்பு?"

"ஏண்டி தேவி, மாட்டும்போது கண்ண எங்க வெச்சிருந்த?" என்று மகள் மேல் பாய்ந்தேன்.

"நீதானம்மா சொன்ன, தாத்தா அப்பா மாதிரியேதான் இருப்பாருன்னு! சூப்பரா பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன்."

இவர் கண் இலைக்கு இறங்கியது. "சுறாப்புட்டு, வஞ்சிரம், எறா, குவாட்டரு வேற! செத்தவனுக்கு இவ்ளோ போடுற. உசுரோட இருக்கறவனுக்கு உப்பில்லாத கஞ்சியா?"

தேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த அன்று, ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் போட்டோவைப் பெரிதாக்குவது என்று என் பாழாய்ப்போன மனசு நினைத்தது. நினைத்தது இதே போட்டோவைத்தான். அதற்கே மாலை போட்டுக் குங்குமமும் வைத்தாயிற்று. ஆனால் அந்த முகத்துக்காரர் எதிரே நின்று என்னைத் திட்டுகிறார். இன்னும் திட்டட்டும், நாள் முழுக்கத் திட்டட்டும் என்று இருந்தது எனக்கு.

முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "வயசாக்கித் தரச் சொன்னேங்க. மீசைய வெள்ளையாக்கி, மொகத்துல சுருக்கம் வெச்சு."

"வெள்ள மீசையா? எங்கப்பாவுக்கா?" இவர் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா போவும்போது நாப்பத்தாறு வயசுடி. ஒரு முடி நரைக்கல. இதே நெஞ்சு வலிதான். படகக் கரையில ஏத்திட்டு வந்து மணல்ல உக்காந்தாரு, எழுந்திரிக்கல."

மாமனார் என்றால் கிழவர் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இவர் எதற்குக் காத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, கூடவே இருந்தும் தெரியவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

இவர் போட்டோவையே பார்த்துக்கொண்டு விரலை மடக்கினார். "எனக்கு இப்ப அம்பத்திமூணு. எங்கப்பாவுக்குக் கெடைக்காத தீபாவளி ஏழு எனக்குக் கெடைச்சிருக்கு. தேவி காலேஜ் போறதப் பாத்துட்டேன். எங்கப்பா எங்கிட்ட அப்படி எதையும் பாக்கல." தன் மீசையைத் தடவிப் பார்த்தார். "இந்த நரை கூட அவருக்குக் கெடைக்கலியேடி."

காக்காய்க்கு வைக்கிற சோற்றையும் சுறாப்புட்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே மாடிக்குப் போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். ஊரெல்லாம் வெடி. ஒரு காக்காய் இறங்கவில்லை. எங்களுக்கோ பசி உயிர் போகிறது. இவர் வானத்தைப் பார்த்துக் கத்தினார். "யப்பா! நான் இன்னும் இங்கதான் இருக்கேன், நீ வந்து சாப்புடு! சுறாப்புட்டு ஆறுது!"

பக்கத்து மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த நாகராஜ் சிரித்தான். "அண்ணன் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு!" அந்த நேரம் பார்த்து ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. சோற்றை விட்டுவிட்டுச் சுறாப்புட்டைத்தான் முதலில் கொத்தியது. "எங்கப்பாதான், சந்தேகமே இல்ல" என்றார் இவர்.

கீழே வந்து, படையலில் வைத்திருந்த வேட்டியை எடுத்தார். படைத்த துணியைப் பிள்ளை கட்டிக்கொள்வது வழக்கம். எனக்கு எதுக்குப் புதுசு என்று கேட்ட மனுஷன், கரை எடுப்பாகத் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். சுறாப்புட்டு ஒரே ஒரு கரண்டி வைத்தேன்.

"மிச்சமெல்லாம் செத்தாதான் கெடைக்குமா?"

"ஆமா. அதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் கெடக்கு. பேசாம கஞ்சியக் குடிங்க."

சிரித்தார் பாருங்கள், பழைய சிரிப்பு! கரையில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

சாப்பாடு முடிந்ததும் போட்டோவைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த முகம் மாலையோடு தொங்குவது எனக்கு ஆகவில்லை. "பண்டிகை முடிஞ்சதும் அந்த ஸ்டுடியோக்காரன உண்டு இல்லன்னு பண்ணிடறேன். சொன்ன மாதிரி வயசாக்கித் தரட்டும்" என்றேன்.

"வயசாக்க வேணாம். கொறைக்கச் சொல்லு" என்றார் இவர். "தழும்ப எடுத்துட்டு, மீசைய கருப்பாக்கச் சொல்லு. நரைச்சது என்னுது."

மறுநாள் விடிவதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னை எழுப்பியது அவர்தான்.