இரண்டு நொடி இடைவெளி

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறினாள். அதே மாதத்தில் தம்பியின் உரிமம் பறிபோனது. பதினைந்து வருஷமாகச் சரக்கு வேன் ஓட்டுகிறவன், வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசிப் பிடிபட்டு மூன்று மாதத் தடை வாங்கியிருந்தான். கிடங்கில் அவனிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

அக்காவின் வேலை, மருத்துவமனைகளில் ரத்த மாதிரிகளை வாங்கிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது. கிடங்கு அவள் போகிற வழியில்தான் இருந்தது. கூடப் பிறந்தவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது நீ மட்டும் காரில் தனியாகப் போகிறாயே என்று அம்மா ஒரு வாரம் போனில் அரித்தெடுத்தாள். அக்கா சரி என்றாள். எதற்கு அப்படிச் சொல்லித் தொலைத்தோம் என்று அவள் நொந்துகொள்ளாத நாளில்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டான். தெருவில் ஈ காக்கை இல்லை, யாருக்கு இண்டிகேட்டர் போடுகிறாய் என்றான். மஞ்சள் விளக்கு என்றால் வேகமாகப் போ என்று அர்த்தம், நிற்பதற்கில்லை என்றான். அவனுடைய வலது கால் சும்மா கிடந்த தரையை ஆக்சிலேட்டராக நினைத்து மிதித்துக்கொண்டே இருந்தது.

அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அவள் விடுகிற இடைவெளி. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று இரண்டு நொடி சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், ரொம்ப நெருங்கிவிட்டோம். மழை பெய்தால் நான்கு வரை எண்ண வேண்டும். அக்கா வாய்விட்டே எண்ணுவாள்.

"என்னக்கா, ஜெபமா?" என்றான் தம்பி.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் யாராவது ஒருவன் வந்து நுழைவான். அக்கா மறுபடி வேகத்தைக் குறைத்து இடம் விடுவாள். இன்னொருவன் நுழைவான். பின்னாலிருப்பவன் ஹாரனிலேயே அவளைத் திட்டுவான். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். ஊரே சேர்ந்துகொண்டு தன்னை மட்டும் முட்டாளாக்குகிறது என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

நான்காவது வாரத்தில் ஒரு காலை, நல்ல மழை. தம்பி குளித்துக் கிளம்பவே தாமதம். இன்னொரு தடவை நேரம் தவறினால் மேலாளரிடம் போய் நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் புலம்பினான். மூன்றாவது கார் நுழைந்தபோது அவன் பொறுமை போய்விட்டது.

"ஒட்டிப் போக்கா. இப்படி எல்லாருக்கும் வழி விட்டுட்டே இருந்தா நாம சாயந்தரம்தான் போய்ச் சேருவோம்."

அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாள். எண்ணவில்லை.

முன்னால் போன நீலக் கார் சட்டென்று நின்றது. குடை பிடித்த ஒரு பெண் பாதசாரிக் கோட்டில் கால் வைத்திருந்தாள். அக்கா பிரேக்கை ஊன்றி மிதித்தாள். கார் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய் நீலக் காரின் பின்புறத்தில் மோதியது. பெரிய சத்தம்கூட இல்லை. நீலக் காருக்குள் ஒரு குழந்தை வீறிட்டது.

அக்கா எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு இறங்குவதற்குள் தம்பி இறங்கிவிட்டான். இப்படித் திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று நீலக் கார்க்காரியிடம் எகிறினான். அந்தப் பெண் பின்கதவைத் திறந்து, பெல்ட் போட்ட குழந்தை இருக்கையில் அழுதுகொண்டிருந்த மகளின் தலையையும் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பினாள்.

"நடக்கிறவங்க கோட்டுல ஆள் இறங்கியிருக்காங்க. நிக்காம ஏத்திட்டுப் போகச் சொல்றீங்களா?"

தம்பி மேலே பேச வாயெடுத்தான்.

"நீ பேசாம இரு" என்றாள் அக்கா. பிறகு அந்தப் பெண்ணிடம், "தப்பு என்னோடதுதாங்க. நான் நெருங்கி வந்துட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் வண்டி எண்களைக் குறித்துக்கொண்டார்கள். மறுபடி காரில் ஏறியதும், நடுரோட்டில் நின்றுகொண்டு யாராவது தப்பை ஒத்துக்கொள்வார்களா என்று தம்பி குதித்தான். அவன் சொன்னதால்தான் அக்கா நெருங்கினாள். ஆனால் மிதித்தது அவள் கால். முழுப் பழியையும் அவன் மேல் போட முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

"இப்பவாவது கொஞ்சம் வேகமா போ. ஏற்கெனவே லேட்டு" என்றான் அவன்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். பஸ் நிறுத்தத்தில் நிறுத்தக் கூடாது என்பதால் அதைத் தாண்டி முப்பது அடி போய் ஓரமாக நிறுத்தினாள்.

"இறங்கு."

"மழை பெய்யுதுக்கா."

"தெரியுது. அதுக்குத்தான் நாலு எண்ணணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. இறங்கு."

நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு அவன் ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

நசுங்கிய முன்பக்கத்தோடு அவள் பரிசோதனைக் கூட வாசலுக்குள் நுழைந்தபோது மேற்பார்வையாளர் வெளியே வந்து பார்த்தார். காரைச் சுற்றி வந்து, ரத்த மாதிரிக் குப்பிகள் ஒன்றும் உடையவில்லையே என்று மட்டும் கேட்டார்.

நான்கு நாள் தம்பி பஸ்ஸில் போனான். ஐந்தாம் நாள் காலை அவள் வாசலில் வந்து நின்றான். பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று இடுப்பே ஒடிந்துவிட்டதாம். பின்னால் உட்கார வேண்டும், பெல்ட் போட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்றாள் அக்கா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். கிடங்கு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் முன்னால் ஒவ்வொரு கார் நுழையும்போதும், பின்னாலிருந்து டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. ஆறாவது பெருமூச்சில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். தடை முடிய இன்னும் எட்டு வாரம் இருந்தது.