சாட்சிக்கு வந்த சுவர்

அந்த ஊரில் புருஷன் அடித்தால், வீட்டுச் சாமான்களில் ஒன்றைச் சாட்சிக்கு அழைத்துப் போக வேண்டும். மனுஷர்கள் யாரும் வராததால் ஏற்பட்ட வழக்கம். வசுமதி பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள்.

ஆய்வாளர் எஸ்தர் குடத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் வசுமதியின் அப்பா பெயர் வெட்டியிருந்தது.

"இது உங்க பொறந்த வீட்டுச் சீரு. உங்க பக்கம்தான் பேசும். கோர்ட்ல நிக்காதும்மா."

"கட்டில், பீரோவெல்லாம் அவர் வாங்கினது மேடம். கூப்பிட்டா அசையவே மாட்டேங்குது."

"எஃப்.ஐ.ஆர். போடலாம். அவர் கிட்டவே வரக்கூடாதுன்னு பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம். தங்கறதுக்குக் காப்பகம் இருக்கு. எல்லாம் இருக்கு, சாட்சிதான் இல்ல. ரெண்டு பக்கமும் சேராத ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க."

தனபாலன் வேலை முடிந்து வருவதற்குள் சாட்சி கிடைக்க வேண்டும். அவள் ஸ்டேஷனுக்குப் போன செய்தி அவனுக்கு எப்படியும் எட்டிவிடும். போன தடவை ஒரு விரல் ஒடிந்ததோடு போயிற்று.

எதிர்வீட்டுப் பூரணியிடம் போய் நின்றாள். சாமான்களைவிட மனுஷி மேல் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"டிவி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கறதில்லக்கா. அடிக்கிற கைதான் அணைக்கும். பொறுத்துப் போங்க." சொல்லிக்கொண்டே பூரணி சுவரில் இருந்த காலண்டரைச் சரிசெய்தாள். அது நேராகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரைப் பார்த்ததும்தான் வசுமதிக்கு உறைத்தது. தெருவில் எல்லாமே வாடகை வீடுகள். சுவர் அவளுக்கும் சொந்தமில்லை, தனபாலனுக்கும் சொந்தமில்லை. வீட்டுக்கு ஓடி, சமையலறைச் சுவரிடம் கேட்டாள்.

"வரேன்," என்றது சுவர். "வழியெல்லாம் சுண்ணாம்பு உதிரும். பரவால்லயா?"

இரண்டு பேரும் நடந்தார்கள். சுவர் வெயில் படும் பக்கமாக நடந்து அவளுக்கு நிழல் கொடுத்தது. தன் பக்கம் நின்று ஒருவர் நடந்து எத்தனையோ வருஷமாயிற்று. வசுமதிக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ஸ்டேஷனில் சுவர் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது. அவள் தலை உயரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டியது. எஸ்தர் வசுமதியின் தலையை முகர்ந்தார், பிறகு சுவரை முகர்ந்தார். ஒரே தேங்காயெண்ணெய். எஃப்.ஐ.ஆர். பதிவானது. தனபாலனைக் கூட்டிவர ஜீப் கிளம்பியது. சுவருக்கு வீடு திரும்ப மனமில்லை, வசுமதியோடு அதையும் காப்பகத்துக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்தால், பெஞ்சுக்குப் பக்கத்தில் பூரணி வீட்டுச் சுவர் காத்திருந்தது. வசுமதி காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் எண்ணெய்க் கறை பழசாக இருந்தது. அதன்மேல் இன்னும் காயாத வேறொரு கறை.

"பூரணி எங்க?"

"அவளால வர முடியல," என்றது சுவர். "அதான் நானே வந்தேன்."

அடுத்த ஆளை வரச்சொல்லி உள்ளேயிருந்து எஸ்தர் கூப்பிட்டார். வாசல் நிலை இடிக்காமல் குனிந்து, சுவர் உள்ளே போனது.