பாவு காயும்வரை

எங்கள் தெருவில் யாருக்கு யார்மீது எவ்வளவு கோபம் இருந்தாலும் பாவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் அது எழுதாத சட்டம். புதுப் பட்டுப்பாவை, அதாவது புடவைக்கான நெடுக்கு இழைகளை, தறியில் ஏற்றும் முன் விடியற்காலையில் தெருவில் நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்துக் காயவிடுவோம். நடுநடுவே செருகிய மூங்கில் குச்சிகளை இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடிக்க வேண்டும். காயும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாவு பாழ். இன்று என் வீட்டுப் பாவுக்கு நீ வா, நாளை உன் வீட்டுக்கு நான். கூலி கிடையாது, காபி மட்டும். வராதவர் உறவை முறித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அதனால்தான் என் மகளைப் பற்றி அசிங்கமாக எழுதியவர்களும் அன்றைக்கு வந்து நின்றார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வெட்கம் இருந்ததால்தானே பேரை மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

என் மகள் கீர்த்தியை ஐயம்பேட்டையில் வசந்துக்குக் கட்டிக்கொடுத்தோம். சம்பந்தம் பேசி முடித்தவன் என் ஒரே தம்பி முத்துக்குமார். மாப்பிள்ளை தங்கம் என்றான். அந்தத் தங்கம் என் பெண்ணின் மணிக்கட்டை முறித்து அனுப்பியது. மாவுக்கட்டோடு வந்து நின்றவளை இனி அங்கே போக வேண்டாம் என்று நானும் என் வீட்டுக்காரர் பரமசிவமும் சொல்லிவிட்டோம். கட்டுப் பிரித்ததும் ஒரு பட்டுக்கடையில் ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். பழையபடி சிரிக்கக்கூட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்த வலைத்தளம் அவளைப் பிடித்தது. 'பாளையம் பார்வை' என்று பெயர். நடத்துவது யாரென்று யாருக்கும் தெரியாது. உற்சவ நேரம், தண்ணீர் வராத நாள், யார் வீட்டில் சாவு என்று போட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் படிப்பேன். ஒரு நாள் 'புருஷனை விட்டு வந்த புடவைக்காரி' என்று தலைப்பு. எங்கள் மொட்டை மாடியில் அவள் போன் பேசிக்கொண்டிருக்கும் படம். முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். எதற்கு அந்த மரியாதை? பின்னால் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிகிறதே. கீழே ஆளாளுக்குக் கருத்து. ராத்திரி டெலிவரி உண்டா என்று ஒருவன். இதெல்லாம் ஒரு குடும்பமா என்று ஒருத்தி.

அத்தோடு விடவில்லை, வாராவாரம் எழுதினார்கள். கடை முதலாளிக்கு யாரோ அதை அனுப்ப, அவர் கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா என்று சொல்லிவிட்டார். போலீசில் புகார் கொடுத்தோம், விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கீர்த்தி வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் அங்கியே போயிடறேம்மா."

"இன்னாடி பேசுற? கைய உடைச்சவன் வீட்டுக்கா?"

"அங்க அடிக்கிறது ஒருத்தன். இங்க எத்தினி பேரு அடிக்கிறாங்கன்னே தெரியல."

அவள் அப்பா சொல்லியும் கேட்கவில்லை, நான் அழுதும் கேட்கவில்லை. முத்துக்குமார் மட்டும் நல்ல புத்தி வந்தது என்று உடனே வசந்துக்குப் போன் போட்டு நாளையும் குறித்துவிட்டான். அது எங்கள் வீட்டுப் பாவு நாளாகப் போய்விட்டது. காலையிலேயே வசந்த் ஆட்டோ எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. கீர்த்தி பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

அன்று தெருவே வந்திருந்தது. எதிர்வீட்டு அம்சா, கோயில் விழாக் குழுவில் இருக்கும் சிட்டிபாபு, இரண்டு மூன்று வீட்டுப் பையன்கள், என் தம்பி. கஞ்சி தடவி முடித்து நான் நிமிர்ந்தேன். எல்லார் கையும் குச்சிகளில் இருந்தது. குச்சி பிடிக்காதவர்கள் நானும் இழை பிணைக்க நின்ற என் வீட்டுக்காரரும்தான். ஒருவரும் ஒரு அடி நகர முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆத்திரம்தான். உள்ளே போய்க் கீர்த்தியின் போனை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"எல்லாரும் படிச்சதுதான். நானும் ஒரு தபா படிக்கிறேன், கேளுங்க" என்றேன்.

"தில்லை, வேணாம்" என்று என்னைத் தடுத்தார் என் வீட்டுக்காரர்.

"பொண்ணு கேட்டுக்கினு கிடக்கிறா. ஊரும் கேக்கட்டும்."

கருத்துகளிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. வாய் கூசியது, ஆனாலும் படித்தேன். ராத்திரி டெலிவரியைப் படித்தபோது சிட்டிபாபுவின் காது சிவந்தது. இதெல்லாம் ஒரு குடும்பமா என்று நான் படித்ததும் அம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத்தான் திருப்ப முடிந்தது, கையை எடுக்க முடியவில்லை. அந்த அம்சா போன மாதம்தான் என்னிடம் தோசை மாவு வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு கடைசியாக வந்த கட்டுரையைப் படித்தேன். 'குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டவள், புருஷன் அடித்தான் என்று நாடகம் ஆடுகிறாள்.'

என் பக்கத்தில் பாவு தொய்ந்தது. இழைகள் நாலைந்து அறுந்து தொங்கின. வரிசை முழுக்க எல்லார் கைக்கும் அந்தத் தொய்வு தெரிந்துவிட்டது. எல்லாரும் திரும்பி ஒரே இடத்தைப் பார்த்தார்கள். என் தம்பி பிடித்திருந்த குச்சி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"போதும்கா. நிறுத்து" என்றான்.

"நீ ஏன்டா குச்சிய சாய்ச்ச?"

குளியலறைக் கதையை முதன்முதலில் என்னிடம் வந்து சொன்னவனே அவன்தான். மாப்பிள்ளை வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள், நீயும் அப்படியே சொல்லிவிடு என்றான். நான் வாயை மூடு என்று துரத்தினேன். தெருவில் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

"நீயா எழுதுன?"

"கெட்ட எண்ணத்துல இல்லக்கா. நாலு பேரு பேசினா கீர்த்தி அதுவா போய் வாழும்னு நெனச்சேன். நான் பாத்த சம்பந்தம். ஐயம்பேட்டைப் பக்கம் தல காட்ட முடியல."

"படம்?"

"மாடிப்படில நின்னு எடுத்தேன். ஆனா கீழ எழுதினதெல்லாம் நான் இல்லக்கா. அத இவங்கதான் எழுதினாங்க."

மாடிப்படி எங்கள் வீட்டு மாடிப்படி. அன்றைக்கு அவனுக்கு நான் சோறு போட்டிருப்பேன், மறுசோறும் போட்டிருப்பேன். அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. "குச்சிய விடாத, பாவு காயட்டும்" என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் குனிந்து அறுந்த இழைகளைப் பிணைத்தார்.

வெயில் ஏறியது. பாவு நன்றாகவே காய்ந்துவிட்டது. தெருமுனையில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. பாவு நீட்டியிருந்தால் எங்கள் தெருவில் வண்டி உள்ளே வராது. வசந்த் இறங்கி நின்று, "மாமா, கீர்த்திய வரச் சொல்லுங்க. டைமாவுது" என்று முத்துக்குமாரைப் பார்த்துக் கத்தினான். என் தம்பி தலை நிமிரவில்லை.

"பாவு இன்னும் காயலபா" என்றான் சிட்டிபாபு.

"காஞ்சிதானே இருக்குது?"

"எங்க பாவு காஞ்சிதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியும். நீ கெளம்பு."

ஒருவரும் கையை எடுக்கவில்லை. அம்சாவும் எடுக்கவில்லை. வசந்த் நடந்து வந்திருக்கலாம், ஓரமாக வழி இருந்தது. அத்தனை பேரைத் தாண்டி வர அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆட்டோ திரும்பிப் போனது.

இதற்காக நான் அவர்களை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரம் குச்சியைப் பிடித்து நின்றால், எழுதியது இல்லையென்று ஆகிவிடுமா? அந்தக் கட்டுரைகளை எத்தனை பேர் எடுத்து வைத்திருக்கிறார்களோ, எங்கெல்லாம் சுற்றுகிறதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பாவைச் சுருட்டும்போது கீர்த்தி வாசலுக்கு வந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் வெயில் பட்டது. யாரையும் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"அம்மா, புகார்ல மாமா பேர சேக்கணும். அவரு சொன்னத நீயும் ஸ்டேஷன்ல வந்து சொல்லணும். வரியா?"

முத்துக்குமார் என்னைப் பார்த்தான். எங்கள் அம்மா செத்தபோது அவனுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். கீர்த்திக்குக் காது குத்தும்போது அவளை மடியில் வைத்திருந்தவன் அவன். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவனைத் தவிர யாரும் இல்லை.

"அக்கா" என்றான்.

"வரேம்மா, செருப்பு போட்டுக்கினு வரேன்" என்று மகளிடம் சொன்னேன்.

தெருமுனை தாண்டும்வரை நான் அழுதுகொண்டேதான் நடந்தேன். கீர்த்தி அழவில்லை. முறிந்து கூடிய அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.