இல்லாத பெரியப்பா

ஆறு மணிக்கு வரவேண்டிய பஸ் வழியில் படுத்துக்கொண்டதால், எக்ஸ்ரே மெஷின் பழுதுபார்க்கும் அந்தப் பெண் பெருநகரத்தில் இறங்கும்போது இரவு பதினொன்று ஆகிவிட்டது. கம்பெனி அவளைத் தனியாக அனுப்புவது இதுதான் முதல் தடவை. மாட்டேன் என்றால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். அம்மாவிடம் மல்லுக்கட்டித்தான் கிளம்பியிருந்தாள். லாட்ஜ் இரண்டு தெரு தள்ளி. டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

முதல் திருப்பத்திலேயே பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் மாறினாள், சத்தமும் மாறியது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல ஓரக்கண்ணால் பார்த்தாள். தொப்பி போட்ட ஒருவன். அவனும் நின்றான். ஓடினால் பயம் தெரிந்துவிடும். நேரே லாட்ஜுக்குப் போனால் தங்குமிடம் தெரிந்துவிடும்.

சற்றுத் தள்ளி ஒரு சலவைக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே ஒருத்தி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா! வந்துட்டேன்!”

சலவைக்காரி நிமிர்ந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“இப்பத்தான் வர்றியா? உன்னைக் காணோம்னு பெரியப்பா தவியாத் தவிக்கிறாரு!” உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். “என்னங்க, இவ வந்துட்டா! வெளிய வாங்க!”

தொப்பிக்காரன் எதையோ மறந்துவிட்டவன்போல வந்த வழியே விறுவிறுவென்று திரும்பினான்.

இவள் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வாஷிங் மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“பெரியப்பாவைத் தேடுறியா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல,” என்றாள் சலவைக்காரி. “அது கிடக்கட்டும். பெரியம்மாங்கிறியே, அவ்வளவு வயசாவா தெரியுது? அக்கான்னு கூப்பிட வாய் வரலையா?”

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

கடையைப் பூட்டிவிட்டு லாட்ஜ் வாசல்வரை சலவைக்காரியே கூட வந்தாள்.

“நீங்க தனியாத் திரும்பிப் போகணுமேக்கா?”

“என் வீடு அதோ அந்தச் சந்துலதான். போனதும் போன் பண்றேன். நம்பரைக் குடு.”

மூன்றாம் மாடி அறையில் பையைக்கூட இறக்காமல் ஜன்னலருகே நின்றாள். சலவைக்காரி ஒவ்வொரு தெருவிளக்காகக் கடந்து சந்துக்குள் மறைந்தாள். ஐந்து நிமிடம். ஏழு. போன் அடித்தது.

“வந்துட்டேன். தூங்கு.”

அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகுதான் இவள் தோளிலிருந்து பையை இறக்கினாள்.